180 குதிரைத்திறன் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எட்டு மாதம் முன்பு 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 71 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய ஓனர் பெரிய ஏர் ஃபில்டரும், டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பும் மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி ரீமேப் செய்திருக்கிறார். எங்கே செய்தார் என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். காலையில் வண்டி அருமையாக ஓடுகிறது. மதிய வெயிலில் அவிநாசி ரோட்டில் ஓவர்டேக் செய்ய மிதித்தால், ஒரு நொடி யாரோ பின்னால் இழுத்துப் பிடிப்பது போல் இருந்து, அப்புறம்தான் பாய்கிறது. மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர் 15 ஆயிரம் ரூபாய்க்கு ஆள் அனுப்பி வீட்டிலேயே லேப்டாப்பில் புது ஃபைல் ஏற்றித் தருகிறேன் என்கிறார். பெங்களூரில் டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் 45 ஆயிரம். 180 குதிரைத்திறன் உறுதி என்கிறார்கள். கோவையில் ரேலி வண்டிகள் பார்க்கும் ஒரு மெக்கானிக், 'வண்டியைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க' என்கிறார். விலையும் சொல்லவில்லை. அப்பா, 'ஓடுற வண்டிய எதுக்குடா நோண்டற' என்கிறார். யாரை நம்பிக் கொடுப்பது?

பதில்:

தம்பி, முதலில் அந்த மூன்றாவது ஆளிடம் வண்டியை விடுங்கள். விலையும் சொல்லவில்லை, எத்தனை குதிரைத்திறன் என்றும் சொல்லவில்லை என்பதால் அவர் மேல் உங்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அவர் ஒருவர்தான் சரியாகப் பேசியிருக்கிறார் என்று படுகிறது. மற்ற இருவரும் நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதிவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் கோளாறையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இல்லை, மதியம்தான் வருகிறது. சாதாரணமாக ஓட்டும்போது இல்லை, மிதித்தால்தான் வருகிறது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது நாக். பிளக் பொறியில் பற்றிய தீ சிலிண்டர் முழுக்கப் பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் மிச்சம் இருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாக வெடிப்பதுதான் நாக். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்து எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்லும். இசியு உடனே பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும். உங்களுக்கு அது யாரோ இழுத்துப் பிடிப்பது போல் தெரியும். பானட்டுக்குள் மூடி இல்லாமல் மாட்டிய பெரிய ஃபில்டர் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே உறிஞ்சும் என்பதால் வெயிலில் இது இன்னும் கூடும்.

ஆனால் இதே உணர்வு இக்னிஷன் காயில் பலவீனமானாலும் வரும். டர்போ ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் வரும். டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச் தேய்ந்திருந்தாலும் வரும். 71 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுவதால் வால்வைக் கழுவ ஒன்றும் இல்லை. இதில் எது உங்கள் வண்டியில் என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. பெங்களூர்க்காரருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்பவருக்கும் தெரியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு டர்போ ஹேட்ச்பேக் என்னிடம் வந்தது. வேறு எங்கோ ரீமேப் ஆன வண்டி. 'இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க சார், எஞ்சின் சூப்பரா இருக்கு' என்றார் ஓனர். நான் வழக்கம்போல நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு வெள்ளைத் துணியில் வைத்தேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். லைட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அதில் சில வெள்ளியாக மின்னின. அது கரி இல்லை, அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து உருகித் தெறித்து வந்து ஒட்டியது. இந்த நிலையில் டியூன் செய்ய மாட்டேன், முதலில் எஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு இடத்தில் செய்துகொண்டார். சில வாரம் கழித்து வண்டி டோ டிரக்கில் என்னிடமே வந்தது. மூன்றாவது பிஸ்டனில், இரண்டு ரிங்குகளுக்கும் நடுவில் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அதில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. அந்த பிஸ்டன் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. பவர் கேட்டு வருகிற ஒவ்வொரு பையன் கையிலும் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

அதனால் நல்ல வொர்க்‌ஷாப்பை அடையாளம் காண நான் சொல்லும் முதல் வழி இதுதான்: உங்களிடம் எதையும் விற்பதற்கு முன்னால் அவர்கள் வண்டியிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். விசிடிஎஸ் மாதிரி ஒரு கருவியை மாட்டிப் பழைய ஃபால்ட் கோடுகளைப் படிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் அங்கேயே வேலையை நிறுத்த வேண்டும். இன்டேக் பக்கம் புகை விட்டு லீக் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கேட்கிறார் என்றால் இதற்குத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். இந்த நான்கும் செய்வாரா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வேலைக்கு மட்டும் என்ன கூலி என்றும் கேளுங்கள், அதைச் சொல்ல அவருக்கு எந்தத் தடையும் இருக்காது.

இப்போது அந்த 180 குதிரைத்திறனுக்கு வருவோம்.

உங்கள் 1.2 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது 105 பிஎஸ் (குதிரைத்திறன் அளவுதான்), 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. டர்போவை மாற்றாமல் ஒழுங்காக ரீமேப் செய்தால் 130க்கும் 140க்கும் இடையில் வரும், டார்க் 220, 230 பக்கம் போகும். கவனிக்க வேண்டியது அந்த டார்க் எண்ணைத்தான். உங்கள் வண்டியில் இருப்பது ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி. டிக்யூ200 என்று பெயர். அது தாங்கும் என்று கணக்கிட்டு வடிவமைத்தது 250 நியூட்டன் மீட்டர் வரை. நம் ஊர் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து அந்த கிளட்ச் ஏற்கெனவே பாதி உயிரைக் கொடுத்திருக்கும். அந்தச் சின்ன டர்போவை வைத்துக்கொண்டே 180 உறுதி என்று ஒருவர் சொன்னால், கியர்பாக்ஸ் பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்பேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பேச்சை எடுக்கவே இல்லை என்றால் அந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

டைனோ வைத்திருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம்தான். டைனோ ஒரு தராசு. தராசு சரியாக இருந்தாலும் நிறுப்பவர் விரல் தட்டில் படுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? டைனோ அளப்பது சக்கரத்தில் வரும் சக்தியை. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் வீணாகும். அதைக் கூட்டி எஞ்சின் எண்ணாகச் சொல்லும்போது எவ்வளவு கூட்டினார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அதற்கு மேல் காற்றுக்கான திருத்தம் ஒன்று உண்டு. எஸ்ஏஇ முறையில் 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் அழுத்தம் என்று ஒரு பொதுநிலையை வைத்து, அன்றைய வானிலைக்கு ஏற்ப எண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே 10 சதவீதத்துக்கு மேல் திருத்தம் சேரும், அது நியாயம். ஆனால் டர்போ எஞ்சின் மெலிந்த காற்றைச் சமாளிக்கத் தானே கூடுதலாகச் சுழன்று அழுத்தத்தை ஈடுகட்டிவிடும். அதற்கும் அதே திருத்தத்தைப் போட்டால் இல்லாத குதிரைகள் காகிதத்தில் ஓடும். வானிலையைப் படிக்கும் சென்சாரை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தே எண்ணை ஏற்றுகிற ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்தப் பெங்களூர் வொர்க்‌ஷாப் அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. திருத்தம் போடாத எண்ணைக் கேளுங்கள். டியூன் செய்வதற்கு முன்னால், அதே நாளில், அதே டைனோவில் எடுத்த ரன்னையும் கேளுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைத்த லாபம்.

இன்னொன்று, முதல் ரன்னைப் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சின் ஆறி இருக்கும்போது எல்லா வண்டியும் நல்ல எண் தரும். இடைவெளி விடாமல் எடுத்த மூன்றாவது, நான்காவது ரன் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கோளாறே சூட்டில் வருவதுதானே, அது அங்கேதான் வெளியே வரும்.

டைனோ ஷீட்டைவிட நான் அதிகம் நம்புவது லாகை. முழுவதும் மிதித்து ஓட்டும்போது இசியு நொடிக்கு நொடி என்ன நினைத்தது என்பதன் பதிவு அது. எந்த சிலிண்டரில் எத்தனை டிகிரி பொறியைத் தள்ளிப்போட்டது, கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, வந்த பூஸ்ட் எவ்வளவு, காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா எவ்வளவு, ஃப்யூல் பிரஷர் விழுந்ததா, உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி, எல்லாம் அதில் இருக்கும். எப்போதாவது ஒன்று, இரண்டு டிகிரி தள்ளிப்போவது சகஜம். ஒரே சிலிண்டரில் ஒவ்வொரு முறையும் நான்கு, ஐந்து டிகிரி என்று வந்தால் அந்த ஃபைல் உங்கள் வண்டிக்கு ஆகாது. நல்ல டியூனர் லாகை உங்கள் கையில் கொடுப்பார். அதில் மோசமாக இருப்பதையும் காட்டி, இதை இப்படிச் சரிசெய்தேன் என்பார். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க' என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இங்கே முதல் ஆளுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து ஃபைல் அனுப்பி டியூன் செய்வது ஏமாற்று வேலை இல்லை. உலகம் முழுக்க நல்ல டியூனர்கள் அப்படி வேலை செய்கிறார்கள். ஃபைல் அனுப்புவார்கள், நீங்கள் லாக் எடுத்து அனுப்புவீர்கள், அவர்கள் திருத்துவார்கள், நான்கைந்து முறை போய் வரும். உங்களிடம் பேசியவர் லாக் கேட்டாரா? இல்லை என்றால் அவர் விற்பது டியூன் இல்லை, யாருக்கோ செய்த ஃபைலின் நகல். வீட்டு வாசலில் ஏற்றும்போது பேட்டரி வோல்டேஜ் விழாமல் இருக்க சார்ஜர் மாட்டுவாரா என்றும் கேளுங்கள். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் இசியு செத்துப்போகலாம். சின்ன விஷயம்தான், ஆனால் சார்ஜர் எடுத்து வருகிறவரும் வராதவரும் மற்ற எல்லா வேலையிலும் அப்படித்தான் இருப்பார்கள்.

பெட்ரோலையும் மறக்க வேண்டாம். உங்கள் வண்டியில் இருக்கும் ஃபைல் ஏற்றப்பட்ட காலத்தில் பங்க்கில் வந்த பெட்ரோலும் இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலும் ஒன்றல்ல. எத்தனால் கலந்தால் நாக் எளிதில் வராது, அது நல்லது. ஆனால் அதே வேலைக்கு அதிக அளவு எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் ஈ20-க்கு 13.5 பக்கம் வரும். இசியு தானாகக் கொஞ்சம் ஈடுகட்டும், அது எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பதை ஃப்யூல் டிரிம் காட்டும். டியூனரிடம் நீங்கள் தினமும் போடும் பெட்ரோல் எதுவோ அதை நிரப்பிக்கொண்டு போங்கள். எக்ஸ்பி 100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி டியூன் செய்துவிட்டு, பல்லடம் ரோட்டில் கிடைப்பதைப் போட்டு ஓட்டினால் மறுபடி இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

கோவை மெக்கானிக்கைப் பற்றியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ரேஸ் வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார் கட்டிய ஊர் இது. ரேஸ் வேலை தெரிந்த கைகள் இங்கே நிறைய உண்டு. ஆனால் ரேலி எஞ்சின் வேறு, உங்கள் எஞ்சின் வேறு. ரேலி எஞ்சினை சீசனுக்குச் சீசன் பிரித்துப் போடுவார்கள். உங்களுடையது பிரிக்காமல் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எத்தனை பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். போன மாதம் செய்த வண்டியைக் காட்டச் சொல்லாதீர்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது, அவர்களோடு பேசலாமா என்று கேளுங்கள். ஒரு சனிக்கிழமை முன்கூட்டிச் சொல்லாமல் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். பிளக்கை டார்க் ரெஞ்சில் முடுக்குகிறார்களா, கை பலத்தில் முடுக்குகிறார்களா என்று பாருங்கள். கழற்றிய போல்ட்டுகள் தட்டில் வரிசையாக இருக்கின்றனவா, தரையில் கிடக்கின்றனவா? மூலையில் தூசி படிந்து மாதக்கணக்கில் நிற்கும் கஸ்டமர் வண்டிகள் எத்தனை?

அவர் சோதனை மட்டும் செய்துவிட்டு, 'ஃபைல் வேலை எனக்கு வராது, இன்னாரிடம் போங்கள்' என்று சொன்னால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். எஞ்சின் பார்ப்பது ஒரு கை, மேப் எழுதுவது இன்னொரு கை. நானே பல வண்டிகளுக்கு அப்படிச் செய்கிறேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்ற அனுமதி இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப் என்றால் புகைப் பரிசோதனையிலும் சிக்கல். எல்லாவற்றையும்விட இன்சூரன்ஸ். மாற்றங்களைச் சொல்லாமல் மறைத்து, நாளை ஒரு விபத்து நடந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க' என்று சொல்லும் வொர்க்‌ஷாப்பும், 'இந்த பைப்பை மாற்றிவிடுவோம்' என்று சொல்லும் வொர்க்‌ஷாப்பும் இருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். பழைய ஓனரிடம் ரீமேப் எங்கே என்று கேட்பதை விடுங்கள். கம்பெனி டவுன்பைப்பும் ஃபில்டர் பெட்டியும் அவர் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் தூக்கிப் போட மாட்டார்கள். கிடைத்தால் மாட்டி, இசியுவில் ஒரிஜினல் ஃபைலை ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு வாரம் மதிய வெயிலில் ஓட்டுங்கள். இழுத்துப் பிடிப்பது நின்றுவிட்டால் குற்றம் அந்தப் பழைய ஃபைலிலும் மாற்றங்களிலும்தான். நிற்காவிட்டால் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது, எந்த டியூனும் அதைச் சரிசெய்யாது. அந்த இரண்டு வாரத்தில் கம்பெனி எஞ்சினே உங்களுக்குப் போதும் என்று தோன்றினாலும் ஆச்சரியம் இல்லை, 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே முழு டார்க்கும் தருகிற எஞ்சின் அது. அப்புறமும் பவர் வேண்டும் என்றால், டார்க் 230-ஐத் தாண்டாத ஒரு மிதமான ஃபைல் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். டியூன் முடிந்த பிறகு எத்தனை நாள் வரை இலவசமாகத் திருத்தித் தருவார்கள், ஒரிஜினல் ஃபைலின் நகலை உங்களுக்குக் கொடுப்பார்களா என்பதை எழுதி வாங்குங்கள். முழு வேகம் சோதிக்க ஆசை இருந்தால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருக்கிறது. அவிநாசி ரோடு வேண்டாம்.

சோதனை முடியும் வரை ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விடுங்கள். ஏழாவது கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென்று முழுவதும் மிதிக்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறும்போதுதான் இந்த வகைச் சின்ன டர்போ எஞ்சின்களில் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து அதிகம், பிஸ்டன் உடைவதும் அங்கேதான். கியர் லீவரை எஸ் (ஸ்போர்ட்) மோடுக்கு மாற்றி, கியர் இறங்கிய பிறகு மிதியுங்கள்.

அப்பாவிடம், எஞ்சினை முதலில் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்து சோதிக்கத்தான் விடுகிறேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். பிளக்கைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். நான்கையும் சிலிண்டர் வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, பீங்கான் தெளிவாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.